கோபம் போய்ச் சேர வேண்டிய இடம்

2020 மார்ச் மூன்றாவது வாரம். சிட்னியின் மேற்குப் பகுதியில் நான் வேலை பார்க்கும் சிறிய டிராவல்ஸ் அலுவலகத்தில் தொலைபேசி ஓயவே இல்லை. காலையில் கதவைத் திறக்கும்போது அடித்துக்கொண்டிருக்கும். இரவு பூட்டும்போதும் அடித்துக்கொண்டிருக்கும். 20ஆம் தேதி இரவு ஒன்பது மணியோடு ஆஸ்திரேலியா தன் எல்லைகளை மூடியது. பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று எங்களைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஏப்ரல் பள்ளி விடுமுறைக்கு ஊர் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் பலர். தங்கையின் கல்யாணம், அப்பாவின் சதாபிஷேகம், புது வீட்டுக் கிரகப்பிரவேசம். ஒவ்வொரு டிக்கெட்டுக்குப் பின்னாலும் யாரோ நாள் பார்த்து வைத்த ஒரு காரியம் இருந்தது.

அதற்குப் பிறகான மூன்று ஆண்டுகளில் என் மேசையில் கொட்டப்பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் தன் கோப்புக்கட்டைத் தூக்கித் தரையில் அடித்தார். நல்ல மனிதர், மறுவாரம் வந்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, அன்று நான் நானாக இல்லை" என்றார். இன்னொருவர் என்னைத் திருடி என்றார். அவர் திரும்பி வரவில்லை. விமானத்தை ரத்து செய்தவர்களும் பணத்தைப் பிடித்து வைத்திருந்தவர்களும் எங்கோ ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தவள் நான்.

மக்களின் கோபம் முழுக்க நியாயமானது என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. அந்தக் கோபம் தவறான ஆளிடம், தவறான வடிவத்தில் போய் விழுந்து வீணாவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கவுண்ட்டரில் நிற்பவர் மேல் அது கொட்டித் தீர்ந்துபோகும்வரை, முடிவெடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என் மேசைக்கு வந்த புகார்கள் பல நாட்டு விமான நிறுவனங்களைச் சேர்ந்தவை. அவற்றில் எதன் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் விவகாரத்தை மட்டும் பெயர் சொல்லிப் பேசுவேன். அது நீதிமன்றத்திலும் நாடாளுமன்றக் குழுவிலும் பதிவாகி, நாடே பேசிய விஷயம்.

முதலில் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிட்னியில் இருப்பவர். டொரண்டோவில் இருக்கும் மகள் வீட்டில் பேத்தியின் சாமத்தியச் சடங்குக்காக அவரும் மாமாவும் 2020 ஜூன் மாதத்துக்கு என்னிடம் டிக்கெட் எடுத்திருந்தார்கள். குவாண்டாஸ் அல்ல, வேறொரு நாட்டு நிறுவனம். ஏப்ரல் மாதமே மாமா தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, இனி எங்கே போகிறது? ரத்து செய்துவிடு" என்றார். நானும் செய்துவிட்டேன்.

அது தவறு. மூன்று வாரம் பொறுத்திருந்தால் நிறுவனமே அந்த விமானத்தை ரத்து செய்திருக்கும், செய்தது. பயணி தானாக ரத்து செய்தால் அந்தந்த டிக்கெட்டின் விதிப்படிதான் எதுவும் கிடைக்கும். அன்றைய நிலையில் அது பெரும்பாலும் கிரெடிட்டாகத்தான் இருந்தது, அதாவது பணமாக இல்லாமல், அதே நிறுவனத்தில் பிறகு டிக்கெட் எடுக்க மட்டும் உதவும் வரவாக. நிறுவனம் ரத்து செய்தால் பணமாகவே கேட்கும் உரிமை மிகவும் வலுவானது. இந்த வேறுபாட்டைத் தொழிலில் இருக்கும் நான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அன்றைய அமளியில் எனக்கே அது முழுதாகப் பிடிபடவில்லை. பயணம் நடக்காது என்று நன்றாகத் தெரிந்தாலும் கடைசி நாள்வரை கையை வைக்காதீர்கள் என்று இப்போது ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். முதலில் அவர்கள் ரத்து செய்யட்டும்.

இருவர் பெயரிலும் கிரெடிட் வந்தது. 2021இல் மாமா இறந்துபோனார். எல்லைகள் திறந்த பிறகு, 2022 நடுவில், மகளைப் பார்க்கப் போகலாம் என்று மாமி வந்தபோது, இரண்டு கிரெடிட்டையும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுக்கலாம் என்று நினைத்தோம். அந்த நிறுவனத்துக்கு அழைத்தேன். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஒரே இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தோம். மாமி எனக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு இளைஞர் எடுத்தார். கிரெடிட்டைப் பெயர் மாற்ற முடியாது, கிரெடிட் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பேச வேண்டும் என்றார். அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். ஒரு நொடி மௌனம். பிறகு அதே வரியைத் திரும்பவும் படித்தார். அவருக்கு முன்னால் இருந்த தாளில் அதற்கு வேறு பதில் இல்லை போலும்.

மாமி தொலைபேசியின் பக்கம் குனிந்து, அந்த இளைஞருக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே சொன்னார்: "தம்பி, அவர் இருந்தால் நான் ஏன் தனியே போகிறேன்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதே காலத்தில்தான் குவாண்டாஸ் மீது நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 1920இல் குயின்ஸ்லாந்தின் வின்டன் என்ற சிற்றூரில் தொடங்கிய நிறுவனம் அது. அரசின் கையிலிருந்து 1990களிலேயே தனியாரிடம் போய்விட்டது. வெளிநாட்டவர் கையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் காவல் நிற்கிறது. ஆனாலும் வாலில் கங்காருவோடு ஒரு விமானம் மேலே போனால், இங்கே பிறந்து வளர்ந்த என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது "நம்முடையது". வெளிநாட்டில் எங்கேனும் மாட்டிக்கொண்டால் அந்த வாலைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கோபம் அவ்வளவு பெரிதாக எழுந்ததற்கு அந்தப் பாசம்தான் காரணம் என்பது என் எண்ணம். அந்நியன் ஏமாற்றினால் ஆத்திரம் வரும். வீட்டு மனிதர் ஏமாற்றினால் வயிறு எரியும்.

2020 இறுதியில் அந்த நிறுவனம் பத்து விமான நிலையங்களில் பெட்டி ஏற்றி இறக்கும் தரைப்பணியை வெளி ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தது. 1,800க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். இது சட்டவிரோதம் என்று 2021இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 2023 செப்டம்பர் 13 அன்று, ஆஸ்திரேலியாவின் உச்ச அமைப்பான உயர்நிலை நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதிசெய்தது. இடையில் 2022 வந்தது. பயணிகள் ஒரே நேரத்தில் திரும்பி வந்தபோது பெட்டிகள் வேறு ஊருக்குப் போயின, விமானங்கள் கடைசி நேரத்தில் காணாமல் போயின. பல ஆண்டு அனுபவம் உள்ள கைகளை வெளியே அனுப்பிவிட்டு, பெட்டி ஏன் தொலைகிறது என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அந்த ஆகஸ்ட்டில் நிர்வாக மேலாளர்களையே மூன்று மாதம் பெட்டி ஏற்றும் வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு விட வேண்டிய நிலை அந்த நிறுவனத்துக்கு வந்தது.

அப்போதைய தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ், 2022 ஏப்ரலில், விமான நிலைய வரிசைகளுக்கு ஒரு காரணமாக, பயணிகளுக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்ற பொருள்படப் பேசினார். மடிக்கணினியை எடுத்து வைக்க மறந்துவிடுகிறார்களாம். அந்த வாரம் என் மேசைக்கு வந்தவர்களெல்லாம் அதையே பேசினார்கள். மேஸ் ஹில் முருகன் கோயிலில் பிரசாதம் வாங்க நின்றபோதும் அதே பேச்சு. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் அந்தச் சொல்லைப் பொறுக்கவில்லை. அந்த ஜூலையில் யாரோ அவருடைய வீட்டின் மேல் முட்டை எறிந்தார்கள் என்று செய்தி வந்தது. அதை நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். ஒருவருடைய வீடு அவருடைய வீடு. ஆனால் மக்கள் எந்த அளவுக்குப் போயிருந்தார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

2023 ஆகஸ்ட் 24 அன்று, வரிக்கு முன் சுமார் 247 கோடி டாலர் லாபம் என்று நிறுவனம் அறிவித்தது. நான்கு நாள் கழித்து, இன்னும் திருப்பித் தரப்படாத கொரோனாக் காலக் கிரெடிட் குறித்து செனட் குழு ஜாய்ஸிடம் கேள்வி கேட்டது. குவாண்டாஸ், அதன் துணை நிறுவனமான ஜெட்ஸ்டார் இரண்டையும் சேர்த்து அந்தத் தொகை சுமார் 57 கோடி டாலர் என்று தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பரோடு அவை காலாவதியாக இருந்தன. ஆகஸ்ட் 31 அன்று, ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. 2022 மே முதல் ஜூலைவரை புறப்பட வேண்டிய 8,000க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்வது என்று உள்ளுக்குள் முடிவெடுத்த பிறகும், அவற்றுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டே இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிலவற்றில் 47 நாள்வரை. அதே நாளில் நிறுவனம், காலாவதித் தேதியை நீக்குகிறோம், பணமாகவும் தருகிறோம் என்றது. செப்டம்பர் 5 அன்று ஜாய்ஸ், திட்டமிட்டதற்கு இரண்டு மாதம் முன்பே பதவியை விட்டுப் போனார். மூன்றரை ஆண்டுகளாக அசையாத மலை இரண்டு வாரத்தில் அசைந்தது.

என்னை மிகவும் பாதித்தது அதற்குப் பிறகு வந்த பதில் மனு. பயணிக்கு நாங்கள் விற்பது ஒரு குறிப்பிட்ட விமானத்தை அல்ல, ஓர் உரிமைத் தொகுப்பை என்று நிறுவனம் வாதாடியது. அதாவது, உங்களை எப்படியாவது கொண்டு சேர்ப்பது, இல்லாவிட்டால் மாற்று ஏற்பாடோ பணமோ தருவது. அதைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். ஆனால் நான் பல ஆண்டுகளாக டிக்கெட் விற்கிறேன். "எனக்கு ஓர் உரிமைத் தொகுப்பு கொடுங்கள்" என்று ஒருவரும் கேட்டதில்லை. "வியாழக்கிழமை இரவு கிளம்பினால் வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தத்துக்குப் போய்விடலாமா?" என்றுதான் கேட்பார்கள். "அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் திங்கட்கிழமை" என்பார்கள். அவர்கள் வாங்குவது நாள். நேரம். அந்த நாள் கையை விட்டுப் போனால், அடுத்த வாரத்து இருக்கையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பயணிகளை இவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும் ஒரு தலைமையால்தான் அப்படி எழுத முடியும் என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

2024 மே மாதம் அந்த நிறுவனம், தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டது. 10 கோடி டாலர் அபராதம். பாதிக்கப்பட்ட சுமார் 86,000 பயணிகளுக்கு 2 கோடி டாலர்: உள்நாட்டுப் பயணத்துக்கு 225, வெளிநாட்டுக்கு 450 டாலர். அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்களில் ஏறக்குறைய 83 சதவீத வாக்குகள் நிர்வாகிகளின் ஊதிய அறிக்கைக்கு எதிராக விழுந்தன. ஜாய்ஸுக்குச் சேர வேண்டியதில் 90 லட்சம் டாலருக்கும் மேல் பிறகு வெட்டப்பட்டது. தரைப்பணியாளர்களுக்கு 12 கோடி டாலர் இழப்பீடு, அதற்கு மேல் 2025 ஆகஸ்ட்டில் 9 கோடி டாலர் அபராதம். அந்தத் தீர்ப்பில் நீதிபதி மைக்கேல் லீ, நிறுவனத்தின் வருத்தம் தொழிலாளர்களுக்கு நேர்ந்ததற்காகவா, நிறுவனத்துக்கு நேர்ந்ததற்காகவா என்று ஐயம் எழுப்பினார். என் முன்னால் கோப்புக்கட்டைத் தரையில் அடித்தவரும் அன்று அதையேதான் வேறு வார்த்தையில் கேட்டார்.

இதையெல்லாம் வரிசைப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. 2021–22 நிதியாண்டில் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகப் புகார் வந்த நிறுவனம் குவாண்டாஸ்தான். யாரோ ஏராளமானவர்கள் கவுண்ட்டரில் கத்திவிட்டுப் போகாமல், வீட்டுக்குப் போய், தேதி போட்டு, எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிக் குவியும் தாள்களை எந்த ஆணையமும் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அந்தத் தாள்களின் எடை எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

மாமிக்கும் அதையே செய்தேன். ஒரு பக்கத்தில் கடிதம். முதல் வரியில் டிக்கெட் எண், பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண். இரண்டாவது வரியில் என்ன வேண்டும் என்பது: இன்ன தொகை, பணமாக, இன்ன தேதிக்குள். பிறகுதான் கதை; அதுவும் நாள் வரிசையில், எந்தத் தேதி யாரோடு எவ்வளவு நேரம் பேசினோம் என்பது மட்டும். மாமாவின் மரணச் சான்றிதழ் இணைப்பு. 14 நாளில் பதில் இல்லையென்றால் மாநில நுகர்வோர் துறையான ஃபேர் டிரேடிங்கிடம் செல்வோம் என்று கடைசி வரி. மாமி அதைப் படித்துவிட்டு, "நான் பட்ட பாடு ஒன்றும் இதில் இல்லையே, பிள்ளை" என்றார். உண்மைதான். மாமியின் பாடு எனக்குத் தெரியும். கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்குத் தேவை தொகையும் தேதியும். கண்ணீரை எழுதினால் மன்னிப்புக் கடிதம் வரும். தொகையை எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடிதம் போயிருந்தபோதே, 2022 டிசம்பரில், எனக்கே ஒன்று நடந்தது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. திருச்சிக்குப் பறந்தேன், நடுவே ஓர் ஊரில் விமானம் மாறி. பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றது. என் பெட்டி வரவில்லை. அப்பாவுக்காக வாங்கி வந்த முழங்கால் பட்டை, அம்மாவின் சர்க்கரை அளக்கும் கருவி, என் மாத்திரைகள் எல்லாம் அதில். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள் என்று சொல்கிற நான், அவசரத்தில் கிளம்பியதில் அதைச் செய்யவில்லை.

கவுண்ட்டரில் ஒரு இளம் பெண். அவரைச் சுற்றி முப்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது எனக்கும் தொண்டைவரை வந்தது. அவருடைய அட்டையைப் பார்த்தேன். விமான நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை. "தங்கச்சி, பி.ஐ.ஆர். போட்டு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், அது போதும்" என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். வெளியே போகும்போது ஒரு தொலைபேசி எண்ணையும் தாளின் ஓரத்தில் எழுதித் தந்தார். பெட்டிகள் உண்மையில் எங்கே சேர்கின்றனவோ அந்தக் கிடங்கின் எண். ஒன்பதாம் நாள் என் பெட்டி கிடைத்தது அந்த எண்ணால்தான். கத்திய முப்பது பேரில் எத்தனை பேருக்கு அந்த எண் கிடைத்தது என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு.

பி.ஐ.ஆர். என்பது பெட்டி வராமல் போனாலோ உடைந்து வந்தாலோ விமான நிலையத்திலேயே எழுதி வாங்க வேண்டிய புகார்ச் சீட்டு. சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், பெட்டி அங்கேதான் தொலைந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் அந்தச் சின்ன லக்கேஜ் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன் திறந்த நிலையில் ஒரு படம், மூடிய நிலையில் ஒரு படம். பன்னாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை என்ற ஒன்று இருக்கிறது. இந்தியா, ஆஸ்திரேலியா இரண்டும் அதில் உண்டு. பெட்டி சேதமாகி வந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள், எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். பி.ஐ.ஆர். போட்டாயிற்றே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது போதாது, நிறுவனத்துக்குத் தனியாகக் கடிதமோ மின்னஞ்சலோ போக வேண்டும். வழக்கு என்றால் இரண்டு ஆண்டு வரம்பு. பெட்டி வராத நாட்களில் வாங்கிய சட்டை, துண்டு, மாத்திரை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள். நான் திருச்சி பெரிய கடைவீதியில் வாங்கிய இரண்டு சேலைக்கும் ரசீது வைத்திருந்தேன். முழுத்தொகையும் வந்தது.

முகவர் மூலம் டிக்கெட் எடுத்தவர்கள் பந்தாட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். நிறுவனத்தைக் கேட்டால் முகவரைக் கேள் என்பார்கள். முகவரைக் கேட்டால் நிறுவனம் தரவில்லை என்பார்கள். முகவராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். உங்கள் கார்டு அறிக்கையை எடுத்து, அந்தத் தொகைக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பணத்தை எடுத்தவர் அவர். முதல் கடிதம் அவருக்கு, நகல் மற்றவருக்கு. அப்படியும் நகரவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள்: வாங்கிய சேவை கிடைக்கவில்லை, பணத்தைத் திரும்பப் பெற்றுத் தாருங்கள் என்பதுதான் அது. அதற்குக் கால வரம்பு உண்டு. நிறுவனத்தின் "விரைவில் பதிலளிக்கிறோம்" என்ற மின்னஞ்சலை நம்பி மாதக் கணக்கில் காத்திருந்து வரம்பைத் தாண்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு மிகவும் மனம் வலிக்கிறது, ஏனென்றால் அவர்கள் பண்பாகப் பொறுமை காத்தவர்கள்.

கிரெடிட்டை வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அதில் இரண்டு தேதிகளைத் தேடுங்கள். எந்தத் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் பயணத்தை முடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. பெயர் மாற்ற முடியுமா, மிச்சத்தொகை நிற்குமா என்பதை அன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாமி விஷயத்தில் நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.

ஐரோப்பாவில் நீண்ட தாமதத்துக்கும் ரத்துக்கும் 250 முதல் 600 யூரோவரை என்று விதி இருக்கிறது. இந்தியாவில், உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய்வரை இழப்பீடு என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. வானிலை போன்ற காரணங்களுக்கு அது பொருந்தாது. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள், ஆகவே கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி நிர்ணயித்த தொகை எதுவும் இல்லை. பொதுவான நுகர்வோர் சட்டம்தான் துணை. தனியான குறைதீர்ப்பு அமைப்பும் பயணிகள் உரிமைச் சாசனமும் தேவை என்று 2024 ஆகஸ்ட்டில் அரசின் வெள்ளை அறிக்கை ஒப்புக்கொண்டது. இத்தனை கோடி டாலர் அபராதத்துக்குப் பிறகாவது தொகையை எண்ணாலேயே சட்டத்தில் எழுதி வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. அபராதம் கட்டுவதை ஒரு செலவுக் கணக்காக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாகப் பணம் எண்ணித் தர வேண்டும் என்றால்தான் விமானத்தை ரத்து செய்யும் முன் ஒருமுறை யோசிக்கும்.

மாமிக்கு 14 நாளில் பதில் வரவில்லை. சொன்னபடியே ஃபேர் டிரேடிங்குக்குப் புகார் போனது. அதன் நகலை நிறுவனத்துக்கும் அனுப்பினேன். 2023 பிப்ரவரியில் இரண்டு டிக்கெட்டுக்கும் முழுப்பணம் மாமியின் கணக்கில் வந்து சேர்ந்தது. கூடவே நான்கு வரி மின்னஞ்சல். அதில் மாமாவின் பெயரைத் தவறாக எழுதியிருந்தார்கள்.

அதைத் திருத்தி அனுப்பச் சொல்லி எழுத வேண்டும் என்றார் மாமி. பணம்தான் வந்துவிட்டதே என்று நான் இழுத்தேன். "பணம் வந்தது, பிள்ளை. பெயரும் சரியாக வர வேண்டும்" என்றார். எழுதினேன். இன்னொரு மாதம் ஆனது. சரியான பெயரோடு வந்தது. அதை அச்செடுத்துத் தரச் சொல்லி, மடிக்காமல் ஒரு உறையில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் மாமி மறுபடி வந்தார். கூடவே அவர் தெருவில் இருக்கும் ஒரு முதியவர், கையில் நீலநிறக் கோப்பு. திறந்து பார்த்தேன். மின்னஞ்சல்கள் எல்லாம் தேதி வரிசையில் துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தன. தொலைபேசியில் பேசிய நேரங்கள் ஒரு தாளில் மாமியின் கையெழுத்தில். "எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், பிள்ளை. கடிதம் மட்டும் நீ எழுதிக் கொடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.